ஐந்து டாலர்ப் படத்தொகுப்பு

பூம்பாறைப் பக்கத்தினின்றும் நம் கல்லூரிக்கு வந்து பயிலும் மாணவர் ஒருவர் சென்ற ஐப்பசித் திங்களில் வகுப்பிலே கண்ணயர்ந்துவிட்டார். கடிந்துகொள்ளும் எண்ணத்தோடு அவரைத் தனியே அழைத்து வினவினேன். முன்னாள் இரவு விடியுமளவும் யாரோ ஓர் அயல்நாட்டவரின் திருமண வீடியோவைத் தொகுத்துக்கொண்டிருந்ததாகச் சொன்னார். கூலி யாதென்றேன். "ஐந்து டாலர், ஐயா, அதிலும் தரகு போகும்" என்றார். அதன்பின் கடிந்துகொள்ள எனக்கு வாய் எழவில்லை.

இணையவழி வேலைச்சந்தைகளைப் பற்றி மாணவர்க்கு யான் புதிதாகக் கூறத்தக்கது ஏதுமில்லை; எனக்குக் கூறியவர்களே அவர்கள்தாம். பழைய மாணவருள் அறியாதார் இருத்தல் கூடுமாதலின் சிறிது சொல்வேன். இஸ்ரேல் நாட்டில் 2010ஆம் ஆண்டு தோன்றிய ஃபைவர் என்னும் சந்தை, எவ்வேலையாயினும் ஐந்து டாலர் என்று தொடங்கியமையால் அப்பெயர் பெற்றது. ஈலான்ஸ், ஓடெஸ்க் என்னும் இரண்டும் 2013இல் இணைந்து, 2015இல் அப்வொர்க் எனப் பெயர் பூண்டன. வேலை தருவோர்க்கும் செய்வோர்க்கும் இடையே நின்று பணத்தை வாங்கிக் கொடுத்தலே இச்சந்தைகளின் தொழில். ஃபைவர் கொள்ளும் தரகு நூற்றுக்கு 20. இக்காலத்தில் அங்கே விலையை ஏற்றிக் கூற யாவர்க்கும் உரிமையுண்டு. ஆனால் புதியவர்க்கு நற்சான்று இல்லை. நற்சான்று இல்லாதவரை நாடுவார் அரியர். ஆதலின் அவர் விலையைத் தாழ்த்துகிறார். அவரினும் தாழ்த்துவதற்கு டாக்காவிலோ லாகூரிலோ வேறொருவர் விழித்திருக்கிறார்.

கணக்கிட்டுப் பார்ப்போம். ஐந்து டாலரில் நூற்றுக்கு இருபது போனால் எஞ்சுவது நான்கு. அஃதாவது ஏறக்குறைய 350 ரூபாய். இரண்டு மணி நேரப் பதிவைப் பத்து நிமிடமாகச் சுருக்குவதற்கு, அதனை முழுதும் ஒருமுறை பார்க்கவே இரண்டு மணி வேண்டும். தேர்ந்து வெட்டவும், ஒலியைச் சீர்செய்யவும், நிறத்தை ஒழுங்குபடுத்தவும் ஆறு மணியேனும் ஆகும். திருத்தங்களுக்கு இரண்டு மணி. ஆக மணிக்கு 35 ரூபாய். 20 ஜிகாபைட் அளவுள்ள பதிவை, நொடிக்கு 10 மெகாபிட் வரும் இணைப்பில் இறக்குவதற்கு வேண்டிய நாலரை மணியை இதிற் சேர்க்கவில்லை. மழையில் மின்சாரம் நின்றால் ஆகும் காலத்தைச் சேர்க்க எனக்குக் கணிதம் போதாது. 2025-26ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு விதித்திருந்த நாட்கூலி 336 ரூபாய். அதற்குக் கணினி வாங்க வேண்டுவதில்லை.

மலைநாட்டார்க்கு இந்நிலை முற்றிலும் புதிதன்று. கொடைக்கானல் மலைப்பூண்டு 2019இல் புவிசார் குறியீடு பெற்றது. பெற்றும் என்னை? மூட்டை கட்டி வடுகபட்டிச் சந்தைக்கு இறக்கினால் அங்கே விலை சொல்பவர் விளைத்தவர் அல்லர். எனினும் ஒரு மண்டி பிடியாவிடின் மூட்டையை அடுத்த மண்டிக்குக் கொண்டுபோகலாம். இணையச் சந்தையிலோ ஈராண்டு இரவெல்லாம் விழித்துச் சேர்த்த நற்பெயர் அச்சந்தையிலேயே தங்கிவிடுகிறது. வேறிடம் சென்றவர் மீண்டும் முதற்படியில் நிற்கவேண்டும். அங்கே அறிமுகமானவரிடம் நேரே கூலி பெறுதலையும் விதிகள் தடுக்கின்றன. யான் மிகவும் அஞ்சுவது இதற்கேயன்றித் தரகுக்கன்று.

ஆயின் இத்தொழிலைக் கைவிடுக என்று கூறத் துணியேன். முன்னாளில் படத்தொகுப்புக் கற்க விரும்பியவர் கோடம்பாக்கம் சென்று, தொகுப்பாளர் ஒருவரின் பின்னே கைகட்டி ஆண்டுக்கணக்கில் நிற்கவேண்டும். இன்று டாவின்சி ரிசால்வ் போன்ற கருவி விலையின்றியே கிடைக்கிறது. வீட்டை விட்டு நீங்காமல் கற்கலாம். மேற்சொன்ன மாணவர் தம் தங்கையின் பள்ளிக் கட்டணத்தை இவ்வருவாயிலிருந்தே கட்டினார் என்பதைப் பின்னர் அறிந்தேன். அதனை இகழ யான் யார்?

யான் வேண்டுவது இவ்வளவே. முதல் நான்கைந்து வேலைகளைப் பயிற்சியாகக் கொண்டு, நற்சான்று கிடைத்தவுடன் விலையை ஏற்றுக. திருத்தம் இரண்டு முறைக்கு மேற்படின் தனிக்கூலி என்று முன்னரே எழுத்தில் வரைக. மற்றொன்று, தொலைவை நோக்கும் கண் அண்மையையும் நோக்குக. கொடைக்கானலில் விடுதி நடத்துவார் இருவரை வினவினேன்; தம் விளம்பர வீடியோக்களுக்கு மதுரையிலிருந்து ஆள் வரவழைப்பதாகச் சொன்னார்கள். அவர்கள் கொடுக்கும் தொகையைக் கேட்டு நம் மாணவர் வியந்தனர். கல்லூரியும் வாளாவிருத்தல் தகாது. நல்ல இணைப்புள்ள அறை ஒன்றை மாலையில் திறந்துவைத்து, மாணவர் தம்முள் கூடிக் குறைந்தபட்சக் கூலி ஒன்றை வகுத்துக்கொள்ள இடந்தரலாம். 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய தொழிலாளரைப் பெயர் சுட்டிக் கூறுகிறது. ஆயினும் உணவு சுமந்து தெருவிற் செல்வாரைக் காண்பதுபோல், அறைக்குள் விழித்திருப்பாரை யாரும் காண்பதில்லை.

அம்மாணவர் இப்பொழுது பதினைந்து டாலருக்குக் குறைந்து வேலை ஏற்பதில்லை. வகுப்பில் உறங்குவதுமில்லை. வேலை மிகவும் குறைந்துவிட்டதென்றும், தங்கையின் இந்தப் பருவக் கட்டணத்தைப் பூண்டு விற்ற பணத்திலிருந்து தந்தையார் கட்டினார் என்றும் சென்ற வாரம் கூறினார்.