கணப்புக்கு மேலே ஒரு பலகை

ஆங்கிலப் படங்களில் பார்த்திருப்பீர்கள். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும். ஹாலில் சுவரோடு சேர்ந்த கணப்பில் விறகு எரியும். அதற்கு மேலே தடிமனான ஒரு மரப்பலகை, அதன்மேல் குடும்பப் படங்கள், ஒரு கடிகாரம். கிறிஸ்துமஸ் வந்தால் குழந்தைகளின் காலுறைகள் வரிசையாகத் தொங்கும். அந்தப் பலகைக்குத்தான் மேன்டல் என்று பெயர். ஊட்டியில் வெள்ளைக்காரர் காலத்துப் பங்களாக்களிலும் இதைப் பார்க்கலாம். ஆனால் இங்கே பேசப்போவது அமெரிக்க வீடுகளைப் பற்றி. ஏனென்றால், அங்கே பெரும்பாலான வீடுகளில் சுவரே மரம்.

நம்மூர்ச் செங்கல் சுவரை மனதில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் விஷயம் பிடிபடாது. அங்கே மரச்சட்டங்களை நிறுத்தி, மேலே ஜிப்சம் போர்டை அடித்து, பெயின்ட் பூசினால் சுவர் தயார். நடுவில் இருக்கும் கணப்பு மட்டும்தான் செங்கல் அல்லது இரும்புப் பெட்டி. பழைய வீட்டை வாங்குகிறவர்களுக்கு முதலில் கை அரிப்பது இந்த இடத்தில்தான். பழைய செங்கல்லை மூடிவிட்டுக் கல் பதிக்கலாமா, நல்ல பழைய உத்தரம் ஒன்றை மேன்டலாக மாட்டலாமா என்று தோன்றும். தோன்றுவதில் தப்பே இல்லை. டிவியில் அரைமணி நேரத்தில் முடித்துக் காட்டிவிடுகிறார்கள் வேறு! ஆனால் அங்கே டேப் வெளியே வருவது டைல்ஸ் அளக்கத்தான். நெருப்புக்கும் மரத்துக்கும் நடுவே எத்தனை அங்குலம் என்பதல்லவா முதலில் அளக்க வேண்டியது?

இதற்குக் கணக்கு இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களில் பெரும்பாலானவை பின்பற்றும் வீட்டுக் கட்டட விதிகளின்படி, செங்கல் கணப்பின் வாயிலிருந்து 6 அங்குலத்துக்குள் எரியக்கூடிய எதுவும் இருக்கக்கூடாது. வாய்க்கு நேர்மேலே 12 அங்குலம் வரை மரம் வரலாம், ஆனால் சும்மா வரமுடியாது. வாயிலிருந்து ஒவ்வொரு அங்குல தூரத்துக்கும் எட்டில் ஒரு பங்கு அங்குலம்தான் முன்னால் நீட்டலாம். அதாவது 8 அங்குல உயரத்தில் உள்ள மரம் 1 அங்குலம் மட்டுமே நீட்டலாம். படத்தில் வருகிற மாதிரி அகலமான பலகை வேண்டுமா, 12 அங்குலத்துக்கு மேலே ஏற்றிவிட வேண்டியதுதான். முன்தரைக்கும் இப்படித்தான். சிறிய கணப்பென்றால் வாய்க்கு முன்னால் 16 அங்குலம், இரண்டு பக்கமும் 8 அங்குலம் எரியாத தளம் இருக்க வேண்டும்.

"பத்து வருஷமா எரிக்கிறோம், ஒண்ணும் ஆகலையே" என்பார்கள். இந்த விஷயத்தில் இதைவிட ஆபத்தான வாதம் கிடையாது. புது மரம் பற்ற வேண்டுமென்றால் பொதுவாக 250 டிகிரி செல்சியஸாவது வேண்டும். ஆனால் வருடக்கணக்கில் சூடு பட்டுக்கொண்டே இருக்கும் மரம் உள்ளுக்குள் மெல்லக் கருகி, கரியைப்போல ஆகிவிடும். அப்புறம் அது பற்றுவதற்கு அவ்வளவு சூடு தேவைப்படாது. ஆக, பத்து வருடம் ஒன்றும் ஆகவில்லை என்பது பதினோராவது வருடத்துக்கு உத்தரவாதமே இல்லை. அந்த மரம் பத்து வருடம் தயாராகிக்கொண்டிருந்தது என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

இன்னொரு ஏமாற்று, கல். வெளியே கல்லைப் பார்த்ததும் எல்லோருக்கும் நிம்மதி வந்துவிடும். கல் எரியாது, சரி. ஆனால் சூட்டைக் கடத்தும். அந்தக் கல்லுக்குப் பின்னால் ஒட்டினாற்போல மரச்சட்டம் நின்றால், கல் மரத்தைக் காப்பாற்றவில்லை, கண்ணிலிருந்து மறைக்கிறது, அவ்வளவுதான். அதனால்தான் கணப்பின் செங்கல் கட்டுமானத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே முன்னாலும் பக்கத்திலும் 2 அங்குலம், பின்னால் 4 அங்குலம் வெற்றிடம் விடச் சொல்கிறது விதி. ஜிப்சம் போர்டும் அப்படியே. ஜிப்சத்தின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு தண்ணீர், நெருப்புக்கு நல்ல தடைதான். ஆனால் அதன் மேல்தோல் வெறும் காகிதம்! கணப்பு வாயை ஒட்டிய இடத்துக்கு சிமென்ட் போர்டுதான் சரி. டைல்ஸ் ஒட்டுவதற்கும் சூட்டில் இளகும் மாஸ்டிக் பசை கூடாது, சிமென்ட் கலந்த சாந்து வேண்டும். "ஹீட் பெயின்ட் அடிச்சிருக்கேன்" என்பது மரத்துக்குச் செல்லாது. பெயின்ட் சூட்டைத் தாங்கலாம், அடியில் இருக்கும் மரம் மரமேதான்.

தொழிற்சாலையில் செய்து வரும் இரும்புப்பெட்டிக் கணப்பென்றால் மேலே சொன்ன கணக்கைப் போட்டு முடிவெடுக்கக் கூடாது. அந்த மாடலின் கையேடு என்ன சொல்கிறதோ அதுதான் சட்டம். அதில் மேலும் கீழும் உள்ள காற்றுத் துளைகளை அழகுக்காக டைல்ஸ் வைத்து அடைக்கிறவர்கள் உண்டு. பெட்டி குளிர்வதே அந்தத் துளைகளால்தான்.

பழைய மேன்டலைச் சுரண்டி எடுப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவில் வீட்டுப் பெயின்ட்டில் ஈயம் தடை செய்யப்பட்டது 1978இல். அதற்கு முந்தைய வீடென்றால் சோதிக்காமல் உப்புத்தாள் போடக்கூடாது. அந்தத் தூசு முதலில் போய்ச் சேர்வது தரையில் தவழும் குழந்தையிடம். கணப்புக்குள் தூவும் போலித் தணல்களில் ஆஸ்பெஸ்டாஸும் 1977 வரை இருந்தது.

இத்தனைக்கும் மேலே, அந்த இடத்தில் டிவியை மாட்டுகிறார்கள். அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் தனிப் பதிவாகிவிடும்.

நகராட்சியில் பர்மிட் வாங்குவதை வீண் செலவு, வீண் அலைச்சல் என்று திட்டுவது அங்கேயும் உண்டு. ஆனால் சுவரை மூடுவதற்கு முன்னால் வேறொருவர் வந்து உள்ளே எட்டிப் பார்ப்பது அந்த ஒரு சந்தர்ப்பத்தில்தான். அமெரிக்காவில் வீடு அடிக்கடி கைமாறும். வாங்கி வருகிற அடுத்த குடும்பத்துக்குத் தெரிவது கல்லும் பலகையும் மட்டுமே, பின்னால் 2 அங்குலம் இருக்கிறதா இல்லையா என்பது தெரியாது. மூடும் முன் நாலு படம் எடுத்து, டேப்பை வைத்துத்தான், கணப்பின் கையேட்டோடு ஒரு உறையில் போட்டு வைத்தால் போதும். வீட்டை விற்கும்போது சாவியோடு அதையும் கொடுத்துவிடலாம்.