கோடியக்கரை புல்வெளியை விழுங்கும் சீமைக்கருவேலம்: வெளிமான் தப்புமா?

வேதாரண்யம்:

கோடியக்கரை சரணாலயம்னாலே முதலில் ஞாபகம் வருவது வெளிமான்தான். நாகை மாவட்டத்தின் தென்கோடியில், வங்கக்கடலும் பாக் நீரிணையும் சேரும் முனையில் இருக்கிறது இந்தக் காடு. வெளிமானைக் காப்பாற்றத்தான் 1967-ல் சரணாலயமே அறிவிக்கப்பட்டது. 2002-ல் ராம்சார் பட்டியலிலும் இடம் பிடித்தது.

ஆனால் இன்று மானுக்குப் பெரிய எதிரி, துப்பாக்கி பிடித்த ஆள் இல்லை. ஒரு மரம். சீமைக்கருவேலம்.

ஓட இடமில்லை

வெளிமான் புதருக்குள் பதுங்கும் ஜாதி கிடையாது. பெயரிலேயே 'வெளி' இருக்கிறது. தூரத்தில் ஆபத்தைப் பார்த்ததும் திறந்த வெளியில் பாய்ந்து ஓடித் தப்பிப்பதுதான் அதன் பழக்கம். முள்மரம் அடர்ந்தால் பார்வையும் மறையும், ஓட்டமும் தடைபடும். நிழலில் புல்லும் முளைக்காது. அப்புறம் மான் எங்கே போகும்?

விதை தூவும் குதிரை

இந்த மரத்தின் காய் இனிப்பாக இருக்கும். ஆடு, மாடு, காட்டில் திரியும் மட்டக்குதிரை எல்லாமே தின்னும். விதை சாணத்தோடு விழுந்து முளைத்துவிடும். மான் மேய்கிற புல், குடிக்கிற குளத்துத் தண்ணீர் இரண்டுக்கும் குதிரையும் போட்டி.

இதற்கு மேல் 2018 நவம்பர் 16-ந்தேதி கஜா புயல் வேறு அடித்தது. மான்களும் குதிரைகளும் செத்துக் கரை ஒதுங்கியதை இந்தப் பக்கத்து ஜனங்கள் மறக்கவில்லை. அப்படி அடிபட்ட மான் கூட்டம் மறுபடி பெருக வேண்டுமானால் புல்வெளி வேண்டும்.

வெட்டினால் தீராது

வனத்துறை மரத்தை அகற்றாமல் இல்லை. அந்நியச் செடிகளை ஒழிக்க 2022-ல் தமிழக அரசு தனிக் கொள்கையே வெளியிட்டது. சிக்கல் என்னன்னா, மேலாக வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்து கிளையாகத் துளிர்க்கும். வேரோடு பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை அடுத்த மழைக்கு முளைக்கும்.

ஆகவே ஒரு தடவை டெண்டர் விட்டு முடிக்கும் காரியம் இல்லை இது. வருஷா வருஷம் மழை விட்டதும் கன்றுகளைக் கையால் பிடுங்க வேண்டும். அந்த வேலையைக் கோடியக்கரை, கோடியக்காடு ஜனங்களுக்கே கொடுக்கலாம். மழை நாளில் உப்பளத்தில் வேலை இருக்காது. அந்த நேரத்தில் கூலியும் கிடைக்கும், மானுக்குப் புல்லும் கிடைக்கும். செய்வார்களா?