திறந்த வீட்டில் விளக்கு எங்கே?

தர்மபுரி மாவட்டத்தில் நடுகற்கள் ஏராளம். கல்லில் வீரன் வில்லோடு நிற்பான். அவன் ஏன் இறந்தான்? படம் சொல்லாது. பக்கத்தில் வெட்டிய எழுத்துத்தான் சொல்லும்: மாடுகளை மீட்கப் போரிட்டு மாண்டான் என்று. எழுத்து இல்லாத கல்லைக் கும்பிடலாம். கதை தெரியாது.

கம்ப்யூட்டருக்கும் இது பொருந்தும்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. தர்மபுரிப் பிள்ளைகளுக்கும் கிடைத்தது. பல கணினிகளில் 'பாஸ்' லினக்ஸ் இருந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இயங்குதளம் அது. கம்ப்யூட்டரை எழுப்பி வேலை வாங்குவது இயங்குதளம்தான். லினக்ஸின் உள்ளே எழுதியிருக்கும் கட்டளைகளை யாரும் படிக்கலாம், திருத்தலாம். காசு வேண்டாம்.

திறந்த வீடு! ஆனால், உள்ளே இருட்டாக இருந்தால்?

கட்டளைகளுக்கு நடுவே, மனிதர் படிப்பதற்கென்றே குறிப்பு எழுதுவது உண்டு. கம்ப்யூட்டர் அதைத் தாண்டிப் போய்விடும். 'ஒன்றைக் கூட்டு' என்பது கட்டளை. பக்கத்தில், 'இங்கே ஒன்று கூட்டப்படுகிறது' என்று குறிப்பு! யாருக்கு லாபம்? ஏன் கூட்ட வேண்டும் என்றல்லவா சொல்ல வேண்டும்?

லினக்ஸுக்கு முன்னோடி, அமெரிக்காவில் பிறந்த யூனிக்ஸ். 1975-ல் வந்த அதன் ஆறாம் பதிப்பில் ஒரு வேடிக்கை. சிக்கலான ஓர் இடத்தில், 'இது உங்களுக்குப் புரிய வேண்டியதில்லை' என்ற பொருளில் குறிப்பு இருந்தது. 'பரீட்சையில் வராது' என்ற கருத்தில்தான் எழுதினோம் என்று டென்னிஸ் ரிட்சி பின்னர் விளக்கினார். உண்மையில் தங்களுக்கே அது புரியவில்லை என்றும் ஒப்புக்கொண்டார். பெரிய மனசு!

ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஜான் லயன்ஸ் சும்மா இருக்கவில்லை. குறளுக்குப் பரிமேலழகர்போல, சுமார் 9,000 வரிக் கட்டளைகளுக்கு உரை எழுதினார். பிறகு வந்த உரிமை விதிகள் அதை வகுப்பில் நடத்த விடவில்லை. மாணவர்கள் விட்டார்களா? நகல் எடுத்து நகல் எடுத்துப் படித்தார்கள். 1996-ல்தான் அது பகிரங்கமாக அச்சேறியது. உரைக்கு அத்தனை பசி!

லினக்ஸ் எழுதுவோருக்கு ஒரு விதிமுறை உண்டு. 'எப்படி' என்று குறிப்பில் நீட்ட வேண்டாம், கட்டளையே தெளிவாக இருக்கட்டும் என்கிறது. நல்ல விதிதான். ஆனால், எவ்வளவு தெளிவான கட்டளையும் 'ஏன்' என்பதைச் சொல்லாது. வில்லேந்திய கல்லைப் போலத்தான்.

அரசுப் பணத்தில் எழுதும் மென்பொருளிலாவது, 'ஏன்' என்ற குறிப்பைக் கட்டாயமாக்க வேண்டும். தமிழிலும் எழுதலாம். கம்ப்யூட்டர் தமிழ் எழுத்தை ஏற்காத காலம் போய்விட்டது. பென்னாகரத்தில் ஒரு பெண் அந்தக் கட்டளையைத் திறந்து பார்க்கிறாள். ஒரு வரி புரியவில்லை. எழுதியவரைத் தேடி அவள் எந்த ஊருக்குப் போவாள்?