இரண்டு டீ கிளாஸ்

போன ஞாயிறு மூலக்குளத்தில் எங்கள் வீட்டில் சண்டை. சொத்துத் தகராறு இல்லை, சினிமாத் தகராறு.

“அரசியல் படம்னா கிளாஸ் எடுக்கிறாங்க மாமா. பரீட்சை மட்டும்தான் வைக்கலை” என்றாள் காலேஜில் படிக்கும் அக்கா மகள்.

அவள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பல படங்களில் ஒரு பாத்திரம் எதிரில் நிற்பவரை விட்டுவிட்டு, அவர் தோளுக்கு மேலாக நம்மிடம் பேச ஆரம்பித்துவிடுகிறது. அந்த இடத்தில் என் கையும் போனைத் தேடும்.

ஆனால், பேச்சே குற்றம் என்றால் ‘பராசக்தி’யை என்ன செய்வது? 1952-ல் வந்த படம். கலைஞர் வசனம், சிவாஜி நடிப்பு. அந்த கோர்ட் சீன் முழுக்கப் பேச்சுதான். மனப்பாடமாக ஒப்பிக்கிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். ஏன் அலுக்கவில்லை? குணசேகரன் கூண்டில் நிற்கிறான். பேசியே ஆக வேண்டிய நிலைமை அவனுக்கு. நீதி சொல்வதும் நமக்குப் புதிதா என்ன? 1922-ல் மறைந்த சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி இங்கே கருவடிக்குப்பத்தில்தான் இருக்கிறது. அவர் நாடகங்களும் நீதி சொன்னவைதான், பாட்டோடு.

சரி, பார்த்தே முடிவு செய்வோம் என்று முதலில் ‘கூழாங்கல்’ போட்டோம். பி.எஸ்.வினோத்ராஜ் இயக்கி, 2021-ல் ரோட்டர்டாம் விழாவில் டைகர் விருது வாங்கிய படம். குடிகார அப்பாவும் மகனும் வெயிலில் நடக்கிறார்கள். கடைசியில், குழியில் ஊறும் தண்ணீரைப் பெண்கள் கொஞ்சம் கொஞ்சமாக மொண்டு எடுக்கிறார்கள். யாரும் பிரசங்கம் செய்யவில்லை.

“இதுல கதையே இல்லையே!” என்றாள் அவள். பேசினாலும் குற்றம், பேசாவிட்டாலும் குற்றம். அக்கா மட்டும், “குடம் நிறையற வரைக்கும் காட்டியிருக்கலாம்” என்றாள்.

அடுத்து மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’, 2018-ல் வந்தது. பரியன் பேசவும் செய்கிறான். ஆனால் படம் முடிகிற இடத்தில் இரண்டு டீ கிளாஸ், நடுவில் ஒரு பூ. அவ்வளவுதான்.

அப்பா ரிமோட்டை வாங்கி அங்கேயே நிறுத்தினார்.

“எங்க ஊரு கடையில எனக்குத் தனி கிளாஸ். குடிச்சிட்டு நானே கழுவிக் கவுத்து வைக்கணும்” என்றார். அவருக்கு எழுபத்து நாலு வயது. இத்தனை வருஷத்தில் எங்களிடம் சொன்னதே இல்லை.

“எந்தக் கடை தாத்தா?”

“அதை இடிச்சு ரொம்ப நாளாச்சு. நீ மறுபடி அந்த சீனைப் போடு.”

போட்டாள். இந்த முறை போனை எடுக்கவில்லை.