இன்றியமையாதது எது? போதுமானது எது?

காசநோய் உறுதியானதும் குடும்பத்தார் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. "வேலையை விட்டுவிட வேண்டுமா? காற்றோட்டமான ஊருக்கு அழைத்துச் செல்ல வேண்டுமா? தட்டையும் டம்ளரையும் பிரித்து வைக்க வேண்டுமா?" ஈக்காட்டுத்தாங்கலில் ஓர் அறையுள்ள வாடகை வீட்டில் நால்வர் வாழும் குடும்பத்திற்கு இவற்றில் ஒன்றுகூட எளிதன்று. "இவை இல்லாவிட்டால் குணமாகாதோ?" என்ற அச்சமே இக்கேள்விகளின் அடியில் இருக்கிறது.

இவ்விடத்தில் நமக்குத் தேவைப்படுவது மருத்துவ அறிவு மட்டுமன்று. சிறிது தருக்க அறிவும் வேண்டும்.

'இன்றியமையாதது' என்ற சொல்லே தன் இலக்கணத்தைத் தன்னுள் வைத்திருக்கிறது. எது இன்றி ஒன்று அமையாதோ, அதுவே அதற்கு இன்றியமையாதது. அரிசி இன்றிச் சோறு இல்லை. ஆனால் அரிசி இருந்தால் மட்டும் சோறாகிவிடாது. நீரும் நெருப்பும் வேண்டும். அரிசி சோற்றுக்கு இன்றியமையாதது; ஆனால் போதுமானதன்று. இவ்வேறுபாட்டை அடுக்களையில் மறவாத நாம், நோய் வந்தவுடன் மறந்துவிடுகிறோம்.

ஒரு காலத்தில் மருத்துவர்களும் இதில் தவறியிருக்கிறார்கள். காசநோய் குணமாவதற்கு ஓய்வு, தூய காற்று, ஊட்டமான உணவு, சானடோரிய வாசம் ஆகியவை இன்றியமையாதவை என்று உலகமே நம்பியது. தாம்பரத்தை அடுத்த ரயில் நிலையம் இன்றும் 'சானடோரியம்' என்ற பெயரைத் தாங்கி நிற்பது அந்நம்பிக்கையின் எச்சமே.

அந்நம்பிக்கையைச் சோதித்த ஊர் நம் சென்னை. 1956இல் இங்கு தொடங்கப்பட்ட காசநோய் வேதிச்சிகிச்சை மையம், நகரின் ஏழை நோயாளிகள் 193 பேரை இரு பிரிவாக்கியது. ஒரு பிரிவினர் சானடோரியத்திலும், மற்றவர் நெரிசலான தத்தம் வீடுகளிலும் ஓராண்டுக் காலம் ஒரே மருந்துகளைப் பெற்றனர். வீட்டிலிருந்தோர்க்கு ஓய்வும் குறைவு, உணவும் குறைவு. ஆயினும், 1959இல் வெளியான முடிவுகளின்படி, இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் நலமடைந்திருந்தனர். வீட்டில் வைத்துச் சிகிச்சை அளித்ததால் குடும்பத்தார்க்கு நோய் அபாயம் கூடவில்லை என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. 'அது இல்லாமல் முடியாது' என்ற கூற்று, அது இல்லாமலே முடிந்ததைக் காட்டியவுடன் வீழ்ந்துவிடுகிறது.

இன்றியமையாதது அன்று என்றால் பயனற்றது என்று பொருளாகாது. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், கூடுதல் உணவுப் பொருள் பெற்ற நோயாளிகளின் குடும்பங்களில் புதிதாகக் காசநோய் கண்டோர் குறைவாக இருந்தனர். ஆகவே நல்ல உணவு கொடுங்கள். அதற்கென அரசு மாதந்தோறும் வழங்கும் 1000 ரூபாயையும் கேட்டுப் பெறுங்கள். ஆனால், ஆட்டுக்கால் சூப்புக்குக் கடன் வாங்கிவிட்டு, மாத்திரை வாங்கப் போகும் நாளில் கூலி போகுமே என்று தயங்காதீர்கள். உணவு துணை, மருந்தே இன்றியமையாதது.

மறுபுறத் தவறும் உண்டு. காசநோய்க் கிருமி இன்றிக் காசநோய் இல்லை. ஆனால் கிருமி உடலில் புகுந்தவர்களில் ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கே வாழ்நாளில் நோயாக முற்றுகிறது. எனவே, தொற்று இருப்பதாகச் சோதனை சொன்னதனாலேயே நோய் வந்துவிட்டதென்று நடுங்க வேண்டியதில்லை. மருத்துவர் சொல்லும் அடுத்த பரிசோதனைகளைச் செய்துகொண்டால் போதும். அதுபோலவே, இருமல் நிற்பது குணமாவதன் ஒரு படி. அதுவே முழுக் குணத்துக்குச் சான்றாகாது. இரண்டாம் மாதத்தில் உடல் தேறியதும், "நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று ஆறு மாத மருந்தைப் பாதியில் நிறுத்தியவர்கள், நோய் திரும்பி, சில வேளை மருந்துக்குக் கட்டுப்படாத கிருமியுடன் வருவதைக் காண்கிறோம். ஒரே சொல்லின் பொருளைப் பிழையாகக் கொண்டதற்கு அவர்கள் கொடுக்கும் விலை அது.

இப்பிழையில் மருத்துவர்களாகிய எங்களுக்கும் பங்குண்டு. "மருந்து சாப்பிடுங்கள், ஓய்வெடுங்கள், சத்தாகச் சாப்பிடுங்கள், தனியாக இருங்கள்" என்று ஒரே மூச்சில் அடுக்கிச் சொல்கிறோம். எதை எக்காரணத்தாலும் விடக்கூடாது, எதை இயன்றவரை செய்தால் போதும் என்று பிரித்துச் சொல்வதில்லை. கேட்பவர் எல்லாவற்றையும் ஒரே எடையில் சுமக்கிறார். சுமை தாங்காதபோது, விடக்கூடாததையே முதலில் இறக்கி வைக்கிறார்.

ஆகவே, அடுத்த முறை எங்கள் அறைக்கு வரும்போது, ஒவ்வோர் அறிவுரைக்கும் இரண்டு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். "டாக்டர், இது இல்லாமல் முடியாதா? இது மட்டும் இருந்தால் போதுமா?" இவ்விரண்டுக்கும் தனித்தனியே விடை சொல்வது எங்கள் கடமை. தட்டும் டம்ளரும் பற்றிய விடையை இப்போதே சொல்லிவிடுகிறேன்: நுரையீரல் காசநோய் காற்றின் வழியே பரவுவது, பாத்திரத்தின் வழியே அன்று. இருமும்போது வாயை மூடச் சொல்லுங்கள், சன்னலைத் திறந்து வையுங்கள். தட்டைப் பிரிக்க வேண்டாம்.