படத்திற்கும் ஸனது உண்டு



நம் இல்லங்களில் பொறியியலும் கணிப்பொறி இயலும் பயிலும் பிள்ளைகள், அதிலும் பெண்மக்கள், பெருகி வருகின்றனர். அல்ஹம்துலில்லாஹ்! இறுதியாண்டில் அவர்கள் ஓர் ஆய்வுத் திட்டம் செய்தாக வேண்டும். என்ன தலைப்பு என்று வினவினால், மார்பு எக்ஸ்ரே படத்தைக் கணிப்பொறியிடம் கொடுத்து நோய் உண்டா இல்லையா என்று சொல்லச் செய்வதே பலருக்கும் பிடித்தமான தலைப்பாக இருக்கிறது. “98 விழுக்காடு சரியாகச் சொல்கிறது வாப்பா” என்று பிள்ளை கூறும்போது பெற்றோரின் உள்ளம் குளிர்கிறது. அந்த 98 எப்படி வந்தது என்று யாரேனும் கேட்கிறோமா?

ஹதீஸ் பாடம் நடத்துபவனுக்கு இதில் என்ன வேலை என்று நீங்கள் எண்ணலாம். சற்றுப் பொறுங்கள்.

கோவிட் நோய் உலகைச் சூழ்ந்த 2020ஆம் ஆண்டில், எக்ஸ்ரே, ஸி.டி. ஸ்கேன் படங்களைக் கொண்டு அந்நோயைக் கணிப்பொறியால் அறியலாம் என்று ஆய்வுரைகள் வந்து குவிந்தன. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தாரின் தலைமையில் ஒரு குழு, அவ்வாண்டு ஜனவரி முதல் அக்டோபர் தொடக்கம் வரை வெளியானவற்றில் 2,212 ஆய்வுகளைத் திரட்டியது. தரம் பார்த்துச் சலித்தபின் எஞ்சியவை 62. அந்த 62இலும் மருத்துவமனையில் பயன்படத்தக்கது ஒன்றுகூட இல்லை என்று 2021இல் அக்குழு அறிவித்தது. இவற்றை எழுதியோர் மாணவர்கள் மட்டுமல்லர். பெரும் படிப்பாளிகளும் உண்டு.

காரணங்களுள் ஒன்றைக் கேளுங்கள். சீனாவின் குவாங்சோ நகரத்து மருத்துவமனை ஒன்றில் 1 முதல் 5 வயது வரையுள்ள குழந்தைகளுக்கு எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படங்கள் 2018இல் பொதுப் பயன்பாட்டிற்கு வெளியிடப்பட்டிருந்தன. கோவிட் இல்லாதோரின் படங்களைத் தேடிய பலர் அவற்றை அப்படியே எடுத்துக்கொண்டனர். கோவிட் உள்ளோரின் படங்களோ பெரியவர்களுடையவை. அப்படியானால் கணிப்பொறி கற்றது நோயையா, குழந்தையின் விலாக்கூட்டிற்கும் பெரியவரின் விலாக்கூட்டிற்கும் உள்ள வேறுபாட்டையா? கணிப்பொறி தன் காரணத்தைத் தானாகச் சொல்லாது. 98 என்று மட்டும் சொல்லும்.

இங்கேதான் எங்கள் பாடம் குறுக்கிடுகிறது. ஒரு செய்தி எத்துணை அழகாயிருப்பினும், அதை அறிவித்தவர் யார், அவர் யாரிடம் கேட்டார் என்னும் ஸனது இல்லாமல் முஹத்திஸீன்கள் ஏற்பதில்லை. இமாம் புகாரீ (ரஹ்) அவர்களோ, இரு அறிவிப்பாளர்கள் ஒரே காலத்தவர் என்பது மட்டும் போதாது, நேரில் சந்தித்தமைக்குச் சான்று வேண்டும் என்றார்கள். எக்ஸ்ரே படத்திற்கும் ஸனது உண்டு. எந்த ஊரில், எந்தக் கருவியில் எடுத்தது? நோயாளி நின்றிருந்தாரா, படுத்திருந்தாரா? ‘நிமோனியா’ என்று பெயரிட்டவர் படத்தைப் பார்த்த மருத்துவரா, அன்றி வேறு எதுவுமா?

அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 2017இல் 30,805 நோயாளிகளின் 1,12,120 மார்புப் படங்களை வெளியிட்டது. அவற்றிற்கு நோய்ப்பெயர் இட்டது மருத்துவர் அன்று. மருத்துவர் எழிதிவைத்த அறிக்கைகளைப் படித்த ஒரு கணிப்பொறி நிரல். பின்னர் ஒரு கதிரியக்க மருத்துவர் அப்படங்களை ஆராய்ந்தபோது, நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்த நோய் என்று குறிக்கப்பட்ட பலவற்றில், காற்றை வெளியேற்றும் குழாய் முன்பே செருகப்பட்டிருந்தது தெரிந்தது. அதாவது சிகிச்சை தொடங்கிவிட்டது! குழாயைக் கண்டு நோயைச் சொல்லும் கணிப்பொறி, குழாய் செருகப்படாத புது நோயாளிக்கு என்ன உதவி செய்யும்?

இன்னொன்றும் கவனியுங்கள். மேற்சொன்ன கணக்கில் ஒரு நோயாளிக்குச் சராசரியாக மூன்றரைக்கும் மேற்பட்ட படங்கள். ஒருவரின் படங்களுள் இரண்டைக் கற்பிக்கவும் ஒன்றைச் சோதிக்கவும் வைத்தால், தேர்வுத் தாளை முன்கூட்டியே காட்டியது போலாகும். ஆகவே பிரிப்பது படவாரியாக அன்று, ஆள்வாரியாக இருக்க வேண்டும்.

விழுக்காட்டைப் பற்றியும் ஒரு சொல். நூறு படங்களில் ஐந்தே நோயுற்றவை என்றால், கண்ணை மூடிக்கொண்டு அனைவரையும் ‘நலம்’ என்று சொல்பவனுக்கும் 95 கிடைக்கும். நோயுற்ற ஐவரில் எத்தனை பேரைக் கண்டது, நலமுற்றோரில் எத்தனை பேரை வீணே அச்சுறுத்தியது என்று இரண்டையும் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள்.

எனில், மாணவர் செய்யத்தக்க ஆய்வு எது? என் கருத்தில், உலகைக் காக்கும் கருவி ஒன்றைப் படைக்க முயல்வதைவிட, ஒரு சிறு கேள்வியைப் பிடித்துக்கொண்டு அதை முழுமையாக விடுவிப்பதே மேல். இத்தாலியின் பாடுவா பல்கலைக்கழகத்தார் இருவர் 2020இல் செய்ததைப் பாருங்கள். எக்ஸ்ரே படங்களின் நடுவே, நுரையீரல் தெரியும் பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைத்துவிட்டனர். நுரையீரலே தெரியாத அப்படத்தைப் பார்த்தும், அது எந்தத் தொகுப்பிலிருந்து வந்தது என்று கணிப்பொறி பெரும்பாலும் சரியாகவே சொன்னது. ஓரங்களும் எழுத்துக்குறிகளும் அதற்குப் போதுமாயிருந்தன. பெரிய செலவில்லை, புதிய கருவியில்லை. ஆயினும் பல ஆய்வுகளின் அடித்தளத்தையே அது அசைத்துவிட்டது.

இதே சோதனையை நம் பிள்ளையும் செய்யலாம். ஒரு தொகுப்பில் கற்பித்ததை வேறொரு மருத்துவமனையின் தொகுப்பில் சோதிக்கலாம். நியூயார்க்கின் மவுண்ட் சினாய் மருத்துவமனையார் 2018இல் அவ்வாறு செய்தபோது, தம் இடத்தில் நன்கு விளங்கிய நிரல் வெளியே தடுமாறியதைக் கண்டனர். அவர்களிடமிருந்த படங்களில் மூன்றில் ஒரு பங்கு நிமோனியா உடையவை; மற்ற இரு தொகுப்புகளிலோ நூற்றுக்கு ஒன்று போல. படம் எந்த மருத்துவமனையினது என்று கண்டுகொண்டாலே பாதி விடை கிடைத்துவிடுமல்லவா?

இவ்வாறு செய்தால் 98 என்பது 70 ஆகக் குறையலாம். பிள்ளை சோர்ந்துபோவான். அந்த 70ஐ மறைக்காமல் எழுதும்படி, ஏன் குறைந்தது என்று ஒரு முழு இயலே எழுதும்படி பெற்றோர் தைரியமூட்ட வேண்டும். மதிப்பெண் குறையுமே என்று அஞ்சி எண்ணை மாற்றும் பழக்கம் இந்த வயதில்தான் வேரூன்றுகிறது. கதிரியக்க மருத்துவர் இல்லாத சிற்றூரில் இப்படியொரு நிரலை நம்பி ஒரு தாயை ‘நலம்’ என்று வீட்டுக்கு அனுப்பினால், அந்த எண்ணுக்கு யார் பொறுப்பு?

நோயாளியின் படம் ஓர் அமானிதம். உறவினர் வீட்டு அலமாரியில் உறைக்குள் கிடக்கும் பழைய எக்ஸ்ரேக்களைக் கேட்டு வாங்கித் திரட்டுவதோ, தெரிந்தவர் மூலம் மருத்துவமனையிலிருந்து நகலெடுத்து வருவதோ ஆகாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி அறநெறிக் குழுவின் பார்வைக்கு வைத்தல் வேண்டும். பெயர், வயது, தேதி முதலியவை படக்கோப்பினுள்ளேயே பதிந்திருக்கும். அவற்றை நீக்கியபின்னும் சில படங்களின் மூலையில் நோயாளியின் பெயர் படத்தோடு படமாக அச்சாகியிருப்பதுண்டு. அதனால் ஒவ்வொரு படத்தையும் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டே கணிப்பொறிக்குக் கொடுக்கச் சொல்லுங்கள்.