மெண்டஸ் குடும்பத்தின் வழக்கு

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஸ்பானிய வம்சாவளியினரின் பாரம்பரியத்தைப் போற்றும் வைபவம், 1968-இல் ஒரு வாரமாகத் தொடங்கி, 1989 முதல் செப்டம்பர் 15 தொட்டு அக்டோபர் 15 வரை ஒரு மாத காலம் நடைபெற்று வருகிறது. அவர்களுடைய சங்கீதத்தையும் நடனத்தையும் உணவையும் அந்நாட்டார் ஆவலோடு ஏற்பது மகிழ்ச்சிக்குரியதே. எனினும், அச்சமூகம் அக்குடியரசுக்குச் செய்த உபகாரங்களுள் தலையாயது, காலிபோர்னியாவில் ஒரு குத்தகை விவசாயியின் குடும்பம் நியாயஸ்தலத்தில் வழக்காடிப் பெற்ற தீர்ப்பே என்று நான் உறுதியாகக் கருதுகிறேன்.

மெக்ஸிகோவில் பிறந்த கொன்சாலோ மெண்டஸும், போர்ட்டோ ரிக்கோவைச் சேர்ந்த அவர் மனைவி ஃபெலிசிட்டாஸும், இரண்டாம் உலக யுத்த காலத்தில் ஜப்பானிய வம்சத்தவர் என்ற ஒரே காரணத்தால் முகாமுக்கு அனுப்பப்பட்ட முனெமிட்சு குடும்பத்தாரின் நிலத்தை வெஸ்ட்மின்ஸ்டர் என்னும் ஊரில் குத்தகைக்கு எடுத்துப் பயிரிட்டு வந்தனர். ஒருநாள் கொன்சாலோவின் சகோதரி, தம் குழந்தைகளோடு சகோதரனின் குழந்தைகளையும் அவ்வூர்ப் பள்ளியில் சேர்க்க அழைத்துச் சென்றபோது, நிறம் வெளுத்திருந்த அவருடைய குழந்தைகளை ஏற்கச் சம்மதித்த பள்ளியார், கருத்த மெண்டஸ் குழந்தைகளை மட்டும் மெக்ஸிகோக்காரருக்கென்று ஒதுக்கிய வேறொரு பள்ளிக்குப் போகச் சொன்னார்கள். அந்த அத்தை ஒரு குழந்தையையும் அங்கே சேர்க்காமல் எல்லோரையும் அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். அந்தக் கணத்தில் அவர் காட்டிய ஆத்ம கௌரவத்தை எத்தனை முறை நினைத்தாலும் என் நெஞ்சம் நெகிழ்கிறது.

1945-இல் ஐந்து குடும்பங்கள், ஏறத்தாழ 5,000 குழந்தைகளின் சார்பாக, நான்கு பள்ளி நிர்வாகங்கள் மீது வழக்குத் தொடுத்தன. கொன்சாலோ வழக்கறிஞரோடு ஊர் ஊராக அலைந்து சாட்சிகளைத் திரட்ட, ஃபெலிசிட்டாஸ் பண்ணையை நடத்தினார். ஓர் அநீதியால் உரியவர்கள் நீங்கிய நிலத்தின் விளைச்சல் இன்னோர் அநீதியை எதிர்க்கும் செலவுக்கு உதவிற்று என்பது சரித்திரத்தின் விசித்திரங்களுள் ஒன்று. மெக்ஸிகோக் குழந்தைகள் சுத்தத்திலும் அறிவிலும் தாழ்ந்தவர்கள் என்று பள்ளி அதிகாரி ஒருவர் கூசாமல் சாட்சி சொன்னார். நீதிபதி பால் மெக்கார்மிக் அவ்வாதத்தை ஏற்காது, 1946-இல் குழந்தைகளின் பக்கமே தீர்ப்பளித்தார். மேல்முறையீட்டு மன்றமும் மறு ஆண்டில் அதை உறுதிசெய்தது.

அம்மேல்முறையீட்டில் கறுப்பின மக்களின் சங்கத்துக்காக மனு அளித்தவர்களுள் ஒருவரான தர்குட் மார்ஷல், பின்னர் பள்ளிகளில் இனப் பிரிவினையை எதிர்த்த பிரௌன் வழக்கை நடத்தினார். 1947-இல் காலிபோர்னியாவின் கவர்னராக இருந்து, அங்கே எஞ்சியிருந்த பள்ளிப் பிரிவினைச் சட்டங்களை நீக்கிய ஏர்ல் வாரன், பின்னர் உச்ச நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியாக அமர்ந்து, 1954-இல் அவ்வழக்கில் தேசம் முழுவதற்கும் பொருந்தும் அந்த மகத்தான தீர்ப்பை எழுதினார். பிரௌன் வழக்கின் கீர்த்தியில் நூற்றில் ஒரு பங்குகூட மெண்டஸ் வழக்குக்கு வாய்க்கவில்லை. இவ்வைபவ மாதத்தில் அந்நாட்டுப் பள்ளி ஒவ்வொன்றிலும் இந்த வழக்கு விரிவாகச் சொல்லப்பட வேண்டும். மெண்டஸ் குடும்பத்தோடு நின்று போராடிய எஸ்ட்ராடா, குஸ்மான், பலோமினோ, ராமிரெஸ் குடும்பத்தாரின் பெயர்களும் உடன் சொல்லப்பட வேண்டும்.